எல்லாம் ஆயிரம் நம்பர் கல்லிலேயே முடிந்துவிடுகிறது: சவரக்கத்தி தீட்டப் பழகிய அனுபவம்

சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கல் வாங்கணும்?" என்றுதான். கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டாயிரம் நம்பர் செயற்கைக் கல், கியோட்டோ மலையில் வெட்டிய இயற்கைக் கல், பெல்ஜியத்து ஆர்டென் பகுதியின் மஞ்சள் கல் என்று விலை ஏறிக்கொண்டே போகும் பட்டியல். எனக்குப் புரிந்தது வேறு. கத்தி கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகுமா, முடியைப் பிடுங்குமா என்பது ஆயிரம் நம்பர் கல்லிலேயே, அதாவது முதலில் தேய்க்கும் சொரசொரப்பான கல்லிலேயே, முடிவாகிவிடுகிறது. அதற்கு மேலே நடப்பதெல்லாம் மெருகு. மெருகும் வேண்டியதுதான், ஆனால் அடித்தளம் சரியில்லாத கத்திக்கு எந்த மலைக்கல்லும் உதவாது.

நான் சொல்வது பழைய மடக்குக் கத்தியை. இன்றைக்கு சலூனில் பாதி பிளேடைச் சொருகி, ஆள் மாறும்போது தூக்கிப்போடுகிறார்களே, அந்தச் சட்டத்தை அல்ல. இது ஒரே எஃகுத் துண்டு. கைப்பிடிக்குள் மடங்கி உட்காரும். தீட்டத் தெரிந்தால் ஒரு கத்தி ஆயுசுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும். தெரியாவிட்டால் சில வாரத்தில் மொண்ணையாகி மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

தூத்துக்குடியில் எங்கள் தெரு முக்கில் முன்பு சலூன் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர்தான் எனக்குக் கைப்பழக்கம் சொல்லிக்கொடுத்தார். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் பரவியபோது, உட்காருகிறவர்களே "புது பிளேடு போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்களாம். கத்தியும் கல்லும் பரணுக்குப் போயின. அது வேண்டிய மாற்றம்தான். எய்ட்ஸை விடுங்கள், ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும்; ஒரே கத்தி பல முகம் ஏறுவது விஷப்பரீட்சை. ஆனால் கத்தியோடு சேர்ந்து தீட்டுகிற வித்தையும் பரணுக்குப் போய்விட்டது. அந்த வேலை முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தின் தலையில் கட்டப்பட்டிருந்ததால், அதன் நுணுக்கமும் அவர்கள் கையோடுதான் இருந்தது. எனக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு வயிற்றுப்பாடு, அதுவும் உரிய மரியாதை கிடைக்காத வயிற்றுப்பாடு. கல்லைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது, "இதையெல்லாம் எதுக்குத் தம்பி படிக்கீய?" என்று சிரித்ததில் அதெல்லாம் இருந்தது. பிறகு திண்ணையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்.

முதலில் ஒரு நல்ல செய்தி. அரிவாள்மனை, சமையல் கத்தி தீட்டுவதைவிட இது ஒரு வகையில் சுலபம். அங்கே கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் கோணத்தைக் கத்தியே பிடித்துக்கொள்கிறது. தடித்த முதுகும் மெல்லிய வாயும் (வெட்டுகிற விளிம்பு) ஒரே நேரத்தில் கல்லில் படுத்துக் கிடக்கும்படிதான் அதை வடித்திருக்கிறார்கள். 16 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. தடித்த முதுகு என்றால் வாயின் கோணம் தானாகவே 16 டிகிரி அளவில் விழுந்துவிடும். நம் வேலை முதுகைத் தூக்காமல் இருப்பது மட்டும். அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "முதுகும் வாயும் சேந்து படுத்துக் கிடக்கணும். ரெண்டுல ஒண்ணு எந்திரிச்சா போச்சு."

கத்தியை எங்கே வாங்குவது என்பது தனிப் பஞ்சாயத்து. பழைய ஐரோப்பியக் கத்திகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்ஸின் தியேர் ஆகியவை பேர்பெற்ற ஊர்கள். சோலிங்கன் என்ற பெயரை அந்தப் பகுதியில் செய்த கத்தியில்தான் பொறிக்கலாம் என்று 1938-லேயே ஜெர்மனியில் சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் அந்த முத்திரைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஷெஃபீல்டின் பழைய கத்திகள் ஆப்புபோலத் தடித்தவை, கனமானவை. சோலிங்கன்காரர்கள் இருபுறமும் குழித்து வாயைக் காகிதமாக்கினார்கள். புதிதாகப் பழகுகிறவருக்குக் குழித்த கத்தியே நல்லது, கல்லில் படுகிற இரும்பு குறைவு. ஒரு கிளைக்கதை: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்கடைக்காரர் இந்திய உருக்கில் சவரக்கத்தி செய்து, ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் இது மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்துதான் எஃகுக் கலவை ஆராய்ச்சியில் இறங்கினார். தென்னிந்திய உலைகளிலிருந்து கப்பலேறிய பொருள் அங்கே கன்னம் மழித்திருக்கிறது. இப்போது நாம் அங்கிருந்து பழைய கத்தியை வரவழைக்கிறோம்.

பழைய கத்தி வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியவை உண்டு. துரு வாயை ஒட்டி இருந்தால் வேண்டாம். மேலே பூத்த துருவைத் துடைத்துவிடலாம். குழி விழுந்த துரு, தீட்டத் தீட்ட வாயில் ஓட்டையாக எட்டிப்பார்க்கும். நிறம் கறுத்திருந்தால் கவலையில்லை. வாய் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். லேசாக வெளியே வளைந்திருந்தால் அது குறையல்ல, பல நல்ல கத்திகள் அப்படித்தான். முதுகில் ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால், முந்தைய சொந்தக்காரர் ஒரே கையில் பலம் கொடுத்துத் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அது உங்களுக்கும் தலைவலி.

தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிக்க வருகிறவரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் மேல் குற்றமில்லை. அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அந்தச் சக்கரம் சரி. சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது, தீப்பொறி பறக்கிற சூட்டில் ஒரு நொடியில் பதம் இறங்கிவிடும். பதம் போன எஃகு பிறகு எந்தக் கல்லிலும் கூர் நிற்காது.

கல்லுக்கு வருவோம். நம்பர் கூடக்கூடத் துகள் நுணுகும். ஆயிரம் நம்பரில் துகள் பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கும், எட்டாயிரத்தில் ஒரு மைக்ரான் சொச்சம். நம் தலைமுடியே 50-லிருந்து 100 மைக்ரான் தடிமன் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போதுமானதாக இருப்பது ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம், அதற்கு மேலே கடைசி மெருகுக்கு ஒன்று. சில கற்களைக் கால்மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், குமிழி அடங்கும் வரை. வேறு சில கெட்டியான கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும், ஊறப்போட்டால் கெட்டுவிடும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் வாங்கியதும் முதல் வேலை கத்தியைத் தொடுவதல்ல, கல்லைத் தட்டையாக்குவது. புதுக் கல்லே பலசமயம் தட்டையாக இருக்காது. கிரானைட் கடையில் ஓரம் வெட்டிப்போட்ட துண்டு ஒன்று கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். அதன்மேல் பெயின்டர்கள் பயன்படுத்தும் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் தட்டை. நடுவில் கோடு மிச்சம் இருந்தால் அங்கே பள்ளம். பள்ளமான கல்லில் தீட்டினால் கத்தியின் நுனியும் பிடியோரமும் மட்டும் தேயும், நடுவில் கல் படவே படாது. நான் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பென்சில் கட்டம் போட்டு ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

அடுத்து, முதுகில் மின்சார இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக்கொள்வது. முதுகு தேயாமல் காப்பாற்றும், கோணம் ஒரு டிகிரி அளவுக்குக் கூடும். கூடுவதில் தவறில்லை. ஆனால் ஆயிரத்தில் டேப் ஒட்டினால் கடைசிக் கல் வரை ஒட்டியாக வேண்டும், அதே ஒரு சுற்று. நடுவில் உரித்துவிட்டால் கோணம் மாறி, அடுத்த கல் வாயைத் தொடாமல் மேலேயே வருடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்கு டேப் பிடிக்காது. "சட்ட போட்டுக் குளிப்பாட்டுற கத" என்பார். மலிவான கத்திக்கு ஒட்டாமலும், நல்ல பழைய கத்திக்கு ஒட்டியும் தீட்டுகிறேன்.

இப்போது ஆயிரம் நம்பர் கல். வாயின் இருபுறமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மெல்லிய சரிவு இருக்கும். இடது சரிவும் வலது சரிவும் நுனி முதல் பிடியோரம் வரை ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். இந்தக் கல்லின் வேலை அவ்வளவுதான். சந்திக்காத இடம் ஒரு மி.மீ. இருந்தாலும் அந்த இடம் முகத்தில் பிடுங்கும். எட்டாயிரம் நம்பர் கல் அந்த இடத்தைப் பளபளவென்று ஆக்கும், ஆனால் கூராக்காது. மொண்ணையான பளபளப்பு, அவ்வளவுதான்.

சந்தித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. கை பழகுவதற்கு முன் கண் பழக வேண்டியிருந்தது. எனக்கு உதவியவை மூன்று.

முதலாவது மார்க்கர். சரிவின் மேல் அழியாத மையைப் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. சரிவின் மேல்பாதியில் மட்டும் அழிந்து வாயோரம் மை மிச்சமிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். என் மலிவான சீனக் கத்தியில் பிடியோரம் ஒரு விரற்கடை நீளத்துக்கு மை அழியவே மாட்டேன் என்றது. எவ்வளவு தேய்த்தாலும் அதே கதை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பிடியோரத்தில் இருந்த தடித்த மேடு கல்லின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து கத்தியைத் தூக்கிக்கொண்டிருந்தது. வாய் அங்கே அந்தரத்தில். அந்த மேட்டை வாட்டர் பேப்பரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகே கத்தி படுத்தது. மலிவான கத்திகளில் இது அடிக்கடி வருகிறது. கத்தி கூர் ஏறாமல் அடம் பிடித்தால் கையைக் குறை சொல்வதற்கு முன் பிடியோரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது விளக்கு. வாயை நேராக மேலே நிமிர்த்தி, ஒற்றை எல்.இ.டி. வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளையாக ஒரு கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் தட்டையாக இருக்கிறது என்று பொருள். பொக்கை விழுந்த இடமும் இதில் காட்டிக்கொடுக்கும். நகைக்கடைக்காரர் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் இன்னும் சௌகரியம். விலை உயர்ந்த கல்லுக்குச் செலவழிக்கிற காசில் பத்தில் ஒரு பங்கு லென்ஸுக்குப் போனால், கல்லின் தேவையே பாதி குறைந்துவிடும் என்பது என் கட்சி.

மூன்றாவது கை முடி. ஆயிரம் நம்பரிலேயே முன்கை முடியைத் தோலோடு ஒட்டி மழிக்க வேண்டும். நடுவில் மட்டுமல்ல, நுனி, நடு, பிடியோரம் என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் மழித்தால் அடுத்த கல்லுக்குப் போகலாம். இல்லையென்றால் அங்கேயே உட்காருங்கள்.

இழுக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, வாய் முன்னே போகும்படி, கல்லின் மேலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுக்கிற பாவனையில் தள்ள வேண்டும். கல் கத்தியைவிடக் குறுகலாக இருப்பதால், தள்ளும்போதே பிடியோரத்திலிருந்து நுனி வரை குறுக்கேயும் நகர்த்த வேண்டும். கல்லின் முடிவில் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும், வாய் மேலே வரும்படி. வாயின் மேல் உருட்டினால் அதுவரை செய்ததெல்லாம் பாழ். இந்த உருட்டலைத்தான் அண்ணாச்சி கல் இல்லாமலேயே, வெறும் பலகையில், விரலுக்கிடையில் கத்தியின் கழுத்தைப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். மணிக்கட்டு ஆடக் கூடாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் உருள வேண்டும்.

பலம் பற்றி அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. "கத்தி கனமே போதும்லா." ஆயிரம் நம்பரில் தொடக்கத்தில் மட்டும் ஒரு விரலின் எடை கூட இருக்கலாம். சரிவுகள் சந்திக்க ஆரம்பித்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும். குழித்த கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது, அமுக்கினால் வளைந்து கல்லிலிருந்து விலகிக்கொள்ளும். நீங்கள் வாயைத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது வாய் கல்லோடு சரியாகப் பொருந்திவிட்டது என்பதற்குத் தண்ணீரே சாட்சி சொல்லும். கல்லின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும்போது தள்ளினால், பொருந்தாத வாய் தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். பொருந்திய வாயின் மேலே தண்ணீர் ஏறி அலகின் முகத்துக்கு வந்துவிடும். நுனி முதல் பிடி வரை ஒரே சீராகத் தண்ணீர் ஏறினால் மனதுக்குள் ஒரு விசில் அடித்துக்கொள்ளலாம். தண்ணீர் என்றதும் ஒன்று. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. தீட்டி முடித்துக் காயவிட்டால் கல்லில் வெள்ளை படியும், கத்தியில் அடுத்த நாளே புள்ளி விழும். அதனால் கேன் தண்ணீரில்தான் தீட்டுகிறேன்.

நாலாயிரம், எட்டாயிரம் கற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய கல்லின் கீறல்கள் மறைந்து, இந்தக் கல்லின் நுண்ணிய கீறல்கள் மட்டும் லென்ஸில் தெரியும் வரை இழுக்க வேண்டும். பலம் கூடவே கூடாது. கல் மாறும்போதெல்லாம் கத்தியையும் கையையும் கழுவிவிடுங்கள், ஆயிரத்தின் ஒரு துகள் எட்டாயிரத்தில் விழுந்தால் கோடு கிழித்துவிடும்.

கடைசி மெருகில்தான் ஆளுக்கொரு மதம். பன்னிரண்டாயிரம் கல், பெல்ஜியத்துக் கல், ஜப்பான் கல் எல்லாம் நல்லவைதான். காசு யோசிக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆப்டிக்கல் ஃபைபர் எனும் கண்ணாடி இழைத் தொழிலில் மெருகேற்றப் பயன்படும் நுண்துகள் ஃபிலிம் தாள்கள் 3 மைக்ரான், 1 மைக்ரான், 0.3 மைக்ரான் என்று கிடைக்கின்றன. தடித்த கண்ணாடியில் தண்ணீர் தடவி ஒட்டவைத்து, கல்லில் இழுப்பதுபோலவே இழுத்தால் போதும். தட்டையாக்குகிற வேலையே இல்லை. கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். என் கத்திகளில் பாதி இப்படித்தான் முடிகின்றன, முகத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மலைக்கல் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

பிறகு வார், அதாவது கத்தியை நீவும் தோல்பட்டை. கல் எப்போதாவது, வார் தினமும். கூர் என்பது உண்மையில் இந்த வாரில்தான் உயிரோடு இருக்கிறது. கடையில் கிடைக்கும் பழைய பெல்ட்டை வாராக்கலாம் என்று சொல்வார்கள். மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பெல்ட் எதற்கும் ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். அது நமக்கு எட்டாத சரக்கல்ல. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று தனிப்பெயரே உண்டு, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட கெட்டித் தோல் ஒரு பட்டை கிடைத்தால், மூன்று விரல் அகலத்தில் நறுக்கி, மட்டமான மரச்சட்டத்தில் ஒட்டிவிடுங்கள். தொங்கவிட்டு இழுக்கும் வார் பார்க்க அழகு. ஆனால் தொய்வு விட்டால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருண்டையாக்கும். பழகும்வரை சட்டத்தில் ஒட்டியதே பத்திரம்.

வாரில் திசை தலைகீழ். முதுகு முன்னே, வாய் பின்னே. இல்லையென்றால் வார் அறுந்து இரண்டாகும். திருப்புவது இங்கேயும் முதுகின் மேல்தான். முதலில் கெட்டிப் பருத்தித் துணியில் இருபது முப்பது தடவை, பிறகு தோலில் ஐம்பது அறுபது தடவை. "மயிலிறகு வச்சி நீவுன மாதிரி" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே, கடைசியில் தன் உள்ளங்கையிலேயே கத்தியைச் சரக் சரக்கென்று வாரிக் காட்டினார். அதை நான் செய்வதில்லை. உங்களுக்கும் வேண்டாம்.

பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையைப் பற்றியும் கேட்பார்கள். அரை மைக்ரான் துகள், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தினசரி வாரில் பூசாதீர்கள். தனியாக ஒரு சட்டத்தில் மெலிதாகப் பூசி வைத்துக்கொண்டு, கத்தி சோம்பும்போது பத்து இழுப்பு கொடுத்தால் போதும். அதிகமானால் வாய் மெல்ல மெல்ல உருண்டுவிடும்.

கூர் பார்க்கும் சோதனைகள் ஏராளம். ஈர நகத்தின் மேல் மெல்ல இழுத்தால் பொக்கை தட்டுப்படும். இது ஆயிரம் நம்பரோடு சரி, மெருகேறிய வாயை நகத்தில் இழுத்தால் வாய்தான் கெடும். தொங்கவிட்ட ஒற்றை முடி வாயைத் தொட்டதும் அறுந்து விழுவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது முடிக்கு முடி மாறும். என் மகளின் மெல்லிய முடியில் தோற்ற கத்தி, என் முரட்டு முடியில் ஜெயித்தது. தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது என்று நன்றிகெட்டவர்களைத் திட்டுவோம். சவரக்கத்திக்கு கூர் பார்க்கிற இடம் தீட்டுகிறவனின் சொந்தக் கன்னம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

முகத்தில் வைக்கும் முறை தனிக் கட்டுரைக்கு உரியது. மூன்று விஷயம் மட்டும். வெந்நீரில் முகம் கழுவி, சோப்பு நுரையை நன்றாக ஊறவிடுங்கள். ஊறிய முடி லேசாக அறும். இன்னொரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, முதுகு கன்னத்திலிருந்து 30 டிகிரி அளவுக்கு விலகியிருக்கும்படி, முடி வளர்கிற திசையில் மட்டும் இழுங்கள். முதல் சில நாளைக்குக் கன்னத்தை மட்டும் இதில் மழித்து, தாடையையும் மூக்குக்குக் கீழேயும் பழைய ரேசருக்கே விட்டுவிடுங்கள். பக்கத்தில் படிகாரம் இருக்கட்டும்.

இவ்வளவு மெனக்கெட்டுத் தீட்டிய எஃகு, அதைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடியை வெட்டி ஏன் மழுங்குகிறது? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கிக்குக் கீழே முடியை வெட்டிப் பார்த்து இதற்குப் பதில் சொன்னார்கள். வாய் தேய்ந்து மழுங்குவதைவிட, பொக்கை விழுந்துதான் மழுங்குகிறது. முடி நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கும்போது, எஃகின் உள்கட்டமைப்பு சீரற்று இருக்கும் இடத்தில், முடியின் ஓரம் வாயைத் தாக்கி நுண்ணிய சில்லு பெயர்கிறது. அவர்கள் சோதித்தது ஒருமுறை பயன்படுத்தும் ரேசர் பிளேடை. ஆனாலும் என் கத்தியை லென்ஸில் பார்க்கும்போது அந்தப் படங்கள் நினைவுக்கு வருகின்றன. நுரையை அவசரமாகப் பூசி, முடி ஊறாமல் மழித்த நாட்களுக்குப் பிறகுதான் வாயில் புள்ளிகள் அதிகம் மின்னுகின்றன.

துரு எங்கள் ஊரில் கல்லைவிடப் பெரிய பிரச்சினை. உப்புக்காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் நிறம் மாறும். மழித்ததும் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உலர்ந்த வாரில் சில இழுப்பு, பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால் அல்ல, டிஷ்யூ தாளால். மடக்கிய கைப்பிடிக்குள் ஈரம் தங்கினால் உள்ளிருந்து அரிக்கும், அதனால் திறந்தே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் மடக்குகிறேன். குளியலறை அலமாரியில் வைப்பதில்லை. அரிசி டப்பாவில் வைத்தால் ஈரம் இழுக்கும் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். சவரக்கத்தியை அரிசிக்குள் போடச் சொன்னது அவர்கள்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பா, பிள்ளைகள் கை எட்டாத உயரம், பூட்டு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து எப்போது கல்லுக்குப் போவது என்பதைக் காலண்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாரில் வாரிய பிறகும் மேலுதட்டில் பிடுங்க ஆரம்பித்தால், 0.3 மைக்ரான் ஃபிலிமிலோ கடைசி மெருகுக் கல்லிலோ பத்து இழுப்பு. அதற்கும் மசியாவிட்டால் எட்டாயிரத்துக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வாருங்கள். ஆயிரம் நம்பர் வரை இறங்க வேண்டியது பொக்கை விழுந்தால் மட்டும், குழாயில் இடித்தோ தரையில் போட்டோ. அப்படி இறங்கினால் மார்க்கர், விளக்கு, கை முடி என்று மூன்றையும் முதலிலிருந்து பாருங்கள், போனமுறை சரியாக வந்த கத்திதானே என்று விட்டுவிடாமல்.